உறுப்பினர் அட்டை இல்லாமல் சிங்கப்பூரில் கோல்ஃப்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிண்டியிலோ ஊட்டியிலோ ஆடிப் பழகி இங்கே வேலைக்கு வந்தவர்கள், விடுமுறைக்கு வரும்போது கோல்ஃப் பையையும் சேர்த்து இழுத்து வருபவர்கள், ஐம்பது வயதுக்கு மேல் டாக்டர் நடக்கச் சொன்னதால் ஆட ஆரம்பித்தவர்கள் என்று பலரும் கேட்பவை இவை. கட்டணங்கள் அடிக்கடி மாறுவதால் இங்கே போடவில்லை. கிளப்புக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுவிடுங்கள்.

உறுப்பினர் அல்லாதவரை உள்ளே விடுவார்களா?

விடுவார்கள், ஆனால் நாம் கேட்கும் நேரத்துக்கு விட மாட்டார்கள். சனி, ஞாயிறு காலை என்பது உறுப்பினர்களின் சொத்து. அதை மறந்துவிட்டால் நிம்மதி. வெளியாருக்குக் கிடைப்பது பெரும்பாலும் வார நாள், அதிலும் வெயில் உச்சியில் இருக்கும் பிற்பகல்.

உள்ளே போக வழிகள் சில உண்டு. வருகையாளர் கட்டணம் கட்டி நேரடியாகப் பதிவு செய்வது ஒன்று. உறுப்பினர் ஒருவரின் விருந்தினராகப் போவது இன்னொன்று. திடலோடு சேர்ந்த ஹோட்டலில் அறை எடுத்து ஆடுவது மூன்றாவது. இவை தவிர நிறுவனங்களும் அறப்பணி அமைப்புகளும் நிதி திரட்ட நடத்தும் போட்டிகள் உண்டு. அதில் நால்வர் கொண்ட ஒரு ஃபிளைட்டுக்கு யாராவது ஒருவர் குறைந்தால் கூப்பிடுவார்கள். அலுவலகத்தில் "நானும் ஆடுவேன்" என்று நாலு பேர் காதில் போட்டு வைத்தால் பலன் உண்டு. வெளியில் சொல்ல மாட்டார்கள், ஆனால் இந்த ஊரில் பலர் நல்ல திடல்களை முதன்முதலில் பார்த்தது இப்படித்தான்.

விருந்தினராகப் போகிறீர்கள் என்றால் ஒன்று கவனியுங்கள். பில் உங்கள் பெயருக்கு வராது, அழைத்தவரின் கணக்கில் ஏறும். கடைசிக் குழி முடிந்து கோப்பி வருவதற்குள் தொகையைக் கேட்டு பேநவ் (தொலைபேசி வழிப் பணப் பரிமாற்றம்) மூலம் அனுப்பிவிடுங்கள். அவர் வேண்டாம் என்றால் சாப்பாட்டையாவது நீங்கள் பாருங்கள். அடுத்த அழைப்பு வருமா வராதா என்பது அங்கேதான் முடிவாகிறது.

ஒரே ஒரு முறை பணம் செலவழிக்கத் தயார். எந்தத் திடல்?

செந்தோசா கோல்ஃப் கிளப்பின் செராப்போங். தயங்க வேண்டியதில்லை. கிளப் 1974ல் தொடங்கியது, செராப்போங் திடல் 1982ல் வந்தது. சிங்கப்பூர் பொதுவிருதுப் போட்டி 2005 முதல் நெடுங்காலம் செந்தோசாவில்தான் நடந்தது. ஆடம் ஸ்காட் 2005, 2006, 2010 என்று மூன்று முறை வென்றார். நம் வீட்டில் பேச ஒரு பெயர் வேண்டுமென்றால் ஜீவ் மில்கா சிங். 2008ல் எர்னி எல்ஸையும் பாட்ரிக் ஹாரிங்டனையும் ஒரே ஒரு அடி வித்தியாசத்தில் பின்னுக்குத் தள்ளிக் கோப்பையைத் தூக்கினார். 2023லிருந்து லிவ் கோல்ஃப் தொடரின் சிங்கப்பூர் ஆட்டங்களும் செராப்போங்கில்தான்.

திடல் எப்படி இருக்கும்? மூன்றாவது குழி தாண்டிச் சிறிது நேரத்தில் கடற்கரையோரம் வந்துவிடுவீர்கள். ஒரு பக்கம் துறைமுகத்தின் பாரந்தூக்கிகள் வரிசையாக நிற்கும். சரக்குப் பெட்டிகளை இறக்கும் சத்தம் தண்ணீர் மேலே மிதந்து வரும். மறுபக்கம் கப்பல்கள் நங்கூரம் போட்டுக் கிடக்கும். பந்தை அடிக்க நிற்கும்போது காற்று எந்தப் பக்கம் என்று புல்லைப் பிய்த்துப் போட்டுப் பார்க்க வேண்டாம், அந்தக் கப்பல்கள் எந்தப் பக்கம் திரும்பி நிற்கின்றன என்று பாருங்கள். நீரோட்டமும் அவற்றைத் திருப்பும் என்பதால் முழுக்க நம்பவும் முடியாது. பதினெட்டாவது குழி பார் 5, அதாவது ஐந்து அடியில் முடிக்க வேண்டிய குழி. தண்ணீரைத் தாண்டி இரண்டாவது அடியிலேயே கிரீனை (குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரையை) எட்டலாமா என்று ஒரு சபலம் வரும். பகியில் (திடலில் ஓட்டும் சிறு வண்டியில்) பக்கத்தில் இருக்கும் நண்பர் "போலாம், போலாம்" என்பார். பந்து உங்களுடையது, அவருடையது இல்லை.

கிரீன்கள் வேகமானவை. வழக்கமாக ஆடும் இடத்தில் இரண்டு தட்டில் குழிக்குள் போகும் பந்து இங்கே மூன்று தட்டு வாங்கலாம் என்று மனதைத் தயார்படுத்திக்கொண்டு போங்கள். பின் டீயிலிருந்து (முதல் அடி அடிக்கும் மேடைகளில் கடைசியில் இருப்பதிலிருந்து) ஆட ஆசைப்படாதீர்கள். தொழில்முறை ஆட்டக்காரர்களுக்காக நீட்டி வைத்த தூரம் அது. ஒன்றிரண்டு டீ முன்னால் போனால் அதே கடல், அதே கப்பல், பாதிப் பந்து மிச்சம்.

மயில்கள் ஃபேர்வேயை (டீக்கும் கிரீனுக்கும் இடையிலான புல்பாதையை) கடந்து போகும். வேலவன் வாகனம் குறுக்கே வந்தால் நல்ல சகுனம் என்று எடுத்துக்கொள்வதும் அது கடக்கும் வரை நிற்பதும் உங்கள் பொறுப்பு.

அங்கேயே இன்னொரு திடல் இருக்கிறதே?

தஞ்சோங். 2016ல் புதுப்பித்துத் திறந்தார்கள். பெண்களுக்கான எச்எஸ்பிசி உலக வெற்றியாளர் போட்டி இப்போது அதில் நடக்கிறது. நீளம் குறைவு, ஆனால் கிரீனைச் சுற்றி யோசிக்க வைக்கும். நடுத்தர ஆட்டக்காரருக்கு செராப்போங்கைவிட இதில்தான் பந்து கணக்கு ஒழுங்காக வரும். ஆனால் "செராப்போங்கில் ஆடினேன்" என்று ஊரில் போய்ச் சொல்லும் சுகம் இதில் கிடைக்காது, அவ்வளவுதான்.

பெரிய போட்டிகளுக்கு முன் வாரக்கணக்கில் திடலை மூடிவைப்பார்கள். பெண்கள் போட்டி பெரும்பாலும் பிப்ரவரி கடைசி, மார்ச் தொடக்கம். ஆண்டின் முதல் நாலைந்து மாதங்களில் வருவதாக இருந்தால் விமான டிக்கெட்டுக்கு முன்னால் திடலைக் கேளுங்கள்.

செந்தோசா விலை கட்டுப்படியாகாது. சிங்கப்பூருக்குள் வேறு எது?

லகுனா நேஷனல் அடுத்தது. சாங்கி விமான நிலையத்துக்குப் பக்கம், இரண்டு பதினெட்டுக் குழித் திடல்கள், கூடவே டூசிட் தானி ஹோட்டல். அறை எடுத்தால் ஆட வழி உண்டு என்பதால் வெளியூர்க்காரர்களுக்கு இதுதான் நோகாத வழி. ஐரோப்பியத் தொடரின் சிங்கப்பூர் கிளாசிக் 2023லும் 2024லும் இங்கே நடந்தது.

ஈசூனில் ஆர்க்கிட் கண்ட்ரி கிளப் இருக்கிறது. தொழிற்சங்கக் காங்கிரஸ் வழி வந்த கிளப் என்பதால் மற்ற இடங்களில் இருக்கும் மிடுக்கு இங்கே குறைவு. இருபத்தேழு குழிகள், ஒன்பது ஒன்பதாக மூன்று, எல்லாவற்றுக்கும் ஆர்க்கிட் மலர்களின் பெயர்கள்: அரந்தா, டென்ட்ரோபியம், வாண்டா. இரவில் விளக்கு வெளிச்சத்திலும் ஆடலாம். வேலை முடிந்து ஆறரைக்குக் கிளம்புகிறவருக்கு இதைவிட வசதி வேறில்லை. விளக்கடியில் பந்தின் நிழல் நாலு பக்கமும் விழும், முதல் இரண்டு குழிகளில் பட்டிங் கொஞ்சம் குழப்பும், பிறகு பழகிவிடும்.

மண்டாயில் ஒன்பது குழிகள் கொண்ட சிறிய திடல் உண்டு. அதன் குத்தகை பற்றியும் அறிவிப்பு வந்துவிட்டது, எனவே கேட்டுவிட்டுப் போங்கள். செலேத்தார், செம்பவாங் இரண்டும் பிரிட்டிஷ் படைத்தளங்களின் மிச்சம். முன்னது விமானப்படை, பின்னது கடற்படை. செம்பவாங்கில் மேடு பள்ளம் அதிகம், நடந்து ஆடினால் மறுநாள் கெண்டைக்கால் ஞாபகப்படுத்தும். தேசிய சேவை செய்தவர்களுக்கு சாங்கி, கிராஞ்சி பக்கம் என்எஸ்ஆர்சிசி என்ற அவர்களுக்கான கிளப் திறந்திருக்கிறது. உங்கள் மகனோ மருமகனோ சேவை முடித்திருந்தால் மெதுவாகப் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள்.

மரினா பே திடலுக்குப் போகலாமா? பழைய வலைப்பக்கங்கள் எல்லாம் அதைத்தான் சொல்கின்றன.

போக முடியாது. 2024 ஜூன் மாதத்தோடு மூடிவிட்டார்கள். சிங்கப்பூரின் ஒரே பார் 6 குழி அங்கேதான் இருந்தது. நகரத்தின் உயரக் கட்டடங்களைப் பார்த்துக்கொண்டே, உறுப்பினர் அட்டை எதுவும் இல்லாமல், பதினெட்டுக் குழியும் ஆடக்கூடிய பொதுத் திடல் அது. அது போன பிறகு சாதாரண ஆட்டக்காரனுக்கு இந்த ஊர் உண்மையிலேயே சுருங்கிவிட்டது. என் அபிப்பிராயத்தில் இங்கே மூடப்பட்ட திடல்களிலேயே பெரிய இழப்பு இதுதான். மற்றவற்றை இழந்தவர்கள் உறுப்பினர்கள், இதை இழந்தவர்கள் யாராகவும் இருக்கலாம்.

ஏன் ஒவ்வொன்றாக மூடுகிறார்கள்?

நிலம். சுமார் பத்தாண்டுக்கு முன்பு அரசாங்கம் சொன்ன கணக்குப்படி கோல்ஃப் திடல்கள் ஏறக்குறைய 1,500 ஹெக்டேர், அதாவது நாட்டின் நிலத்தில் இரண்டு சதவீதம். அரசு கட்டித் தரும் வீவக வீட்டுக்கு வரிசையில் நிற்கும் இளம் தம்பதியிடம் இந்த எண்ணைச் சொன்னால் அவர்கள் முகம் எப்படிப் போகும் என்று யோசித்தால் மீதி விளங்கும்.

கெப்பல் கிளப் 1904ல் தொடங்கியது. புக்கிட் செர்மினில் இருந்த அதன் நிலத்தின் குத்தகை 2021 கடைசியில் முடிந்தது, கிளப் சைம் ரோட்டுக்கு இடம் மாறியது. பழைய திடலில் ஆயிரக்கணக்கான வீடுகள் வரப்போகின்றன. வாரன், ஆர்க்கிட் ஆகிய இரண்டு கிளப்களும் 2030ல் நிலத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

இதில் மனதைக் குடைவது ஜூரோங் கண்ட்ரி கிளப்பும் துவாஸில் இருந்த ராஃபிள்ஸ் கண்ட்ரி கிளப்பும்தான். கோலாலம்பூருக்கு அதிவேக ரயில் விடுவதற்காக இரண்டு இடங்களையும் எடுத்தார்கள். ஜூரோங் 2016லும் ராஃபிள்ஸ் 2018லும் கைமாறின. அந்த ரயில் திட்டம் 2021 ஜனவரி முதல் தேதி ரத்தானது. ராஃபிள்ஸில் ஆடியவர்களை இன்றைக்கும் கோப்பிக்கடையில் சந்தித்தால் இந்தப் பேச்சை எடுக்காதீர்கள், கோப்பி ஆறிவிடும்.

ஆகவே வரிசை எது என்று கேட்டால், முதலில் மறையப்போவதை முதலில் ஆடுங்கள். செந்தோசா நாளைக்கும் இருக்கும்.

என்னிடம் ஹேண்டிகேப் (ஆட்டத் திறனைக் காட்டும் எண்) இல்லை. பரவாயில்லையா?

பரவாயில்லை என்று சொல்ல ஆசைதான், ஆனால் பெரும்பாலான திடல்களில் முன்பதிவின்போதே கேட்பார்கள். இங்கே இரண்டு படி. முதலில் தகுதிச் சான்றிதழ். எல்லாரும் அதைப் பிசி என்பார்கள். ஒரு பயிற்றுநரிடம் சில பாடங்கள், பிறகு விதிகளும் திடல் ஒழுங்கும் பற்றிய எழுத்துத் தேர்வு, பிறகு திடலில் ஆடிக்காட்டும் தேர்வு. பந்தை நன்றாக அடிக்கிறீர்களா என்பதைவிட உங்களோடு வரும் மற்ற மூவரின் நாளைக் கெடுக்காமல் ஆடத் தெரியுமா என்பதுதான் அங்கே பார்க்கப்படுவது. பந்து விழுந்த குழிவைக் கிரீனில் சரிசெய்வது, பங்கர் மணலை வாரிவிடுவது, பின்னால் நிற்கும் ஃபிளைட்டைக் காக்க வைக்காமல் நகர்வது.

அதற்குப் பிறகு மதிப்பெண் அட்டைகளைச் சேர்த்து ஹேண்டிகேப். 2020லிருந்து உலகம் முழுக்க ஒரே முறை, உச்சம் 54.0. இந்தியாவில் கிளப் வழியாக ஏற்கெனவே வாங்கியிருந்தால் அதையே காட்டலாம். தொலைபேசியில் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வரவேற்பு மேசையில் நின்று கடவுச்சொல் மறந்து தவிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

புக்கிட் என்கிறார்களே, அது என்ன?

சிங்கப்பூர் ஐலண்ட் கண்ட்ரி கிளப்பின் புக்கிட் திடல். உறுப்பினர் அழைத்தால்தான் உண்டு. அழைப்பு வந்தால் வேறு வேலையை ஒத்திவையுங்கள். 1969 உலகக் கோப்பை இங்கே நடந்தது. லீ டிரெவினோவும் ஆர்வில் மூடியும் சேர்ந்து அமெரிக்காவுக்கு வென்று கொடுத்தார்கள். பக்கத்திலேயே மெக்ரிச்சி காடு. குரங்குகள் பகியில் வைத்த வாழைப்பழத்தைக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருக்கும். பையின் ஜிப்பைத் திறக்கத் தெரிந்தவை அவை.

இந்தக் கிளப்பின் வேர் நமக்குத் தெரிந்த இடத்தில்தான் இருக்கிறது. 1891ல் தொடங்கிய சிங்கப்பூர் கோல்ஃப் கிளப் ஆடியது தேக்காவுக்கு (லிட்டில் இந்தியா) அடுத்த ஃபேரர் பார்க்கில், அன்றைய குதிரைப் பந்தயத் திடலுக்குள், ஒன்பது குழிகள். ரேஸ் கோர்ஸ் சாலைக்குப் பெயர் வந்த பந்தயம் அதுதான். கிண்டி பந்தயத் திடலுக்குள் ஆடிய சென்னைக்காரருக்கு அந்தக் காட்சியை விளக்கத் தேவையில்லை. மீன்தலைக் கறி சாப்பிட வரிசையில் நிற்கும் இடத்திலிருந்து சில நிமிட நடையில் ஒரு காலத்தில் வெள்ளைக்காரத் துரைகள் குதிரைக் குளம்புத் தடத்திலிருந்து பந்தை எடுத்துக்கொண்டிருந்தார்கள். அந்தக் கிளப் 1924ல் புக்கிட் தீமா பக்கம் போனது. ஆசியர்களுக்கு அங்கே கதவு திறக்காததால் எல்லா இனத்தாரும் சேரக்கூடிய ஐலண்ட் கிளப் தனியாகப் பிறந்து 1932ல் திடல் திறந்தது. இரண்டும் 1963ல் ஒன்றாகின. உறுப்பினர் அட்டை இல்லாமல் வெளியே நிற்பது இந்த ஊரில் நூறு வருடப் பழக்கம் என்று வேண்டுமானால் ஆறுதல் பட்டுக்கொள்ளலாம்.

மழை வந்தால்?

மழை பிரச்சினை இல்லை, நனைந்துகொண்டே ஆடலாம். மின்னல்தான் பிரச்சினை. இந்தத் தீவில் ஆண்டில் ஏறக்குறைய பாதி நாள் எங்காவது இடி இடிக்கிறது. பருவமாற்றக் காலமான ஏப்ரல், மே மற்றும் அக்டோபர், நவம்பரில் பிற்பகல் இரண்டு மணிக்கு மேல் வானம் கறுக்காத நாள் குறைவு. ஜூன் முதல் செப்டம்பர் வரை வேறு மாதிரி, சுமத்ரா பக்கமிருந்து விடியற்காலையில் காற்றும் மழையுமாக அடித்துவிட்டு ஒன்பது, பத்து மணிக்கு ஓய்ந்துவிடும்.

நீண்ட சங்கொலி ஒன்று கேட்டால் அந்த நொடியே நிறுத்த வேண்டும். கிரீனில் இன்னும் ஒரு தட்டுதான் மிச்சம், முடித்துவிட்டு வருகிறேன் என்பதெல்லாம் கிடையாது. பந்தை அடையாளம் வைத்துவிட்டுக் குடிலுக்கோ கிளப் கட்டடத்துக்கோ போய்விடுங்கள். மரத்தடியில் நிற்காதீர்கள். விரித்த குடை வேண்டாம். மறுபடி ஆடலாம் என்பதற்கு இரண்டு சின்னச் சங்கு. ஊரில் ஆடிய பழக்கத்தில் சிலர் "அது தூரத்தில் இடிக்கிறது" என்று நிற்பார்கள். மார்ஷல் வந்து திட்டுவது பரவாயில்லை, மின்னல் வந்தால் திட்டக்கூட ஆள் இருக்காது.

பாதி ஆட்டத்தில் நின்றால் பணம் திரும்புமா? ஒவ்வொரு கிளப்பும் ஒவ்வொரு மாதிரி. பெரும்பாலும் எத்தனை குழி முடிந்தது என்று பார்த்து அடுத்த முறைக்குச் சலுகைச் சீட்டு தருவார்கள். விமானம் ஏறப்போகிறவருக்கு அது உபயோகப்படாது. எனவே வெளியூர்க்காரர்கள் முடிந்தவரை காலை நேரத்தையே கெஞ்சி வாங்குங்கள்.

புல் ஏன் இப்படி ஒட்டுகிறது?

இங்குள்ள புல்லுக்குச் சாயும் பக்கம் ஒன்று உண்டு, கிரீனிலும் அப்படித்தான். வெப்பநாட்டுப் புல் ஒரு திசையில் படுத்து வளரும். நீங்கள் நிற்கும் இடத்திலிருந்து பார்க்கும்போது கிரீன் பளபளவென்று வெளுத்துத் தெரிந்தால் புல் உங்களிடமிருந்து விலகிப் படுத்திருக்கிறது, பந்து ஓடும். கருத்துத் தெரிந்தால் எதிர்ப்புறம் படுத்திருக்கிறது, பலமாகத் தட்ட வேண்டும். குழியின் விளிம்பையும் பாருங்கள். ஒரு பக்கம் பிசிறடித்துப் போயிருந்தால் புல் அந்தப் பக்கம் நோக்கி வளர்கிறது. கிரீனைச் சுற்றிலும் புல்லை எதிர்த்து சிப் (பந்தைச் சிறிது தூக்கிவிடும் குட்டி அடி) அடித்தால் மட்டை மண்ணில் மாட்டும். பட்டர் என்ற உருட்டு மட்டையை எடுத்து உருட்டிவிடுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

எல்லாரும் ஜோகூருக்குப் போகிறார்களே, அது உண்மையிலேயே மேலா?

மாதம் இரண்டு மூன்று முறை ஆட நினைப்பவருக்கு வேறு வழி இல்லை என்றே சொல்லுவேன். சிங்கப்பூரில் ஒரு முறை ஆடும் காசுக்கு அங்கே பல முறை ஆடி, சாப்பிட்டும் வரலாம். துவாஸ் இரண்டாம் பாலம் தாண்டினால் ஃபாரஸ்ட் சிட்டி. அதில் லெகசி திடல் ஜாக் நிக்லஸ் வடிவமைப்பு. சுற்றிலும் ஆளில்லா அடுக்குமாடிகள், நடுவில் கச்சிதமாகப் பராமரித்த திடல், கொஞ்சம் விசித்திரமான அனுபவம்தான். ஹொரைசன் ஹில்ஸ் கடினம், மேடு பள்ளமும் தண்ணீரும் அதிகம். நாள் முழுக்க ஒதுக்கினால் டெசாரு கோஸ்ட்டில் எர்னி எல்ஸ் வடிவமைத்த ஓஷன் திடல் இருக்கிறது, இருபத்தேழு குழிகள். பக்கத்திலேயே வேலி (Valley) என்ற திடலை எல்ஸும் விஜய் சிங்கும் சேர்ந்து அமைத்தார்கள். சிங்கப்பூரின் தானா மேரா படகுத்துறையிலிருந்து டெசாருவுக்கு நேரடிப் படகும் உண்டு. கார் ஓட்டி அலுத்தவர்கள் அட்டவணையைப் பாருங்கள்.

காரில் போகிறவர்களுக்கு: மலேசியாவின் வாகன நுழைவு அனுமதி இல்லாமல் போனால் 2025 ஜூலையிலிருந்து 300 ரிங்கிட் அபராதம். சிங்கப்பூர் காரின் தொட்டியில் முக்கால் பங்கு பெட்ரோல் இருக்க வேண்டும். இந்தியக் கடவுச்சீட்டுக்கு 2023 டிசம்பரில் மலேசியா விசா விலக்கு கொடுத்தது, ஆனால் மின்னிலக்க வருகை அட்டையை முன்கூட்டியே நிரப்ப வேண்டும். காலை ஏழரைக்கு டீ-ஆஃப் என்றால் ஐந்து மணிக்கு முன்னால் சோதனைச்சாவடியைத் தாண்டிவிடுங்கள். அங்கே போய் ரோட்டி சானாய் சாப்பிட்டுக்கொண்டே காத்திருக்கலாம். பாலத்தின் மேல் நின்றுகொண்டு மணியைப் பார்ப்பதைவிட அது எவ்வளவோ மேல்.

ஒரு நுணுக்கம்: தைப்பூசம் சிங்கப்பூரில் பொது விடுமுறை இல்லை, ஜோகூரில் விடுமுறை. அன்றைக்கு லீவு போட்டு ஆடலாம் என்று போனால் வார இறுதிக் கட்டணம் கேட்பார்கள், திடலும் நிரம்பி வழியும். அதுபோல 2025 ஜனவரியிலிருந்து ஜோகூரின் வார விடுமுறை சனி, ஞாயிறாக மாறிவிட்டது. வெள்ளி, சனி என்று சொல்லும் பழைய குறிப்புகளை நம்ப வேண்டாம்.

பக்கத்து இந்தோனேசியத் தீவுகள் பாத்தாம், பிந்தான்?

குடும்பத்தோடு இரண்டு நாள் போகிறவர்களுக்கு பிந்தான், நண்பர்களோடு ஒரே நாளில் போய்த் திரும்புகிறவர்களுக்கு பாத்தாம். பிந்தானில் ரியா பிந்தான் கேரி பிளேயர் வடிவமைத்தது, கடலை ஒட்டிய குழிகள் அதன் பெருமை. லகுனா பிந்தான் கிரெக் நார்மனுடையது. பாத்தாமில் நொங்சா பக்கம் பாம் ஸ்பிரிங்ஸ், படகிறங்கியதும் எட்டிவிடலாம்.

கடிகாரத்தைக் கவனியுங்கள். இரண்டு தீவுகளும் சிங்கப்பூரைவிட ஒரு மணி நேரம் பின்னால். போகும்போது ஒரு மணி நேரம் லாபம் என்று குஷியாக இருக்கும். திரும்பும் படகின் சீட்டில் இருப்பது அந்த ஊர் நேரமா நம் ஊர் நேரமா என்று ஒருமுறை படித்துவிடுங்கள்.

கேடிகள் (பை சுமந்து வழிகாட்டும் உதவியாளர்கள்) அங்கே பெரும்பாலும் பெண்கள். கிரீனின் சாய்வை அவர்கள் சொன்னால் மறுபேச்சில்லாமல் அந்தக் கோட்டில் அடியுங்கள். அன்பளிப்பை ரூப்பியாவிலோ சிங்கப்பூர் வெள்ளி (டாலர்) தாளிலோ கொடுங்கள், சில்லறைக் காசு அவர்களுக்கு மாற்ற முடியாது.

உடை, சாப்பாடு?

காலர் வைத்த சட்டை, உள்ளே செருகியது. ஜீன்ஸ் கூடாது, வட்டக் கழுத்து டீ-ஷர்ட் கூடாது. காலணியில் உலோக ஆணி கூடாது. அரைக்கால் சட்டை பரவாயில்லை, நீளம் முழங்காலை ஒட்டி இருக்கட்டும்.

சைவம் சாப்பிடுகிறவர்கள் பாதிவழிக் கடையை நம்பாதீர்கள். சைவ பீஹூன் என்று கேட்டால் முட்டையை எடுத்துவிட்டு இறாலோடு கொண்டுவந்து வைத்த இடங்கள் உண்டு. இரண்டு சப்பாத்தி சுருட்டி எடுத்துப் போவது உத்தமம், மேலே சொன்ன குரங்குகளின் கண்ணில் படாமல்.

போட்டி பார்க்க மட்டும் வரலாமா?

தாராளமாக. ஆடத் தெரியாதவர்களையும் கூட்டி வரலாம். பெண்கள் போட்டிதான் என் சிபாரிசு. 2008ல் தானா மேரா கிளப்பில் தொடங்கி 2013ல் செந்தோசாவுக்கு வந்தது. கொரியாவின் கோ ஜின் யங் 2022, 2023 இரண்டு ஆண்டும் வென்றார். ஆண்கள் அடிக்கும் தூரத்தை நம்மால் நினைத்தும் பார்க்க முடியாது. இவர்களின் தாளத்தைப் பார்த்தால் வீட்டுக்குப் போய் நாமும் முயலலாம் போலத் தோன்றும். பயிற்சிப் புல்வெளியின் ஓரம் நின்று ஒரு மணி நேரம் பாருங்கள், அது போட்டியைவிடப் பயன். குடிக்கத் தண்ணீரும் தொப்பியும் மறக்க வேண்டாம்.

ஒரு கிளப்பில் சேர்ந்துவிடலாமா என்று யோசிக்கிறேன்.

முதலில் குத்தகை எப்போது முடிகிறது என்று கேளுங்கள், பிறகு விலையைக் கேளுங்கள். பெரிய கிளப்கள் சிலவற்றுக்கு லட்சக்கணக்கில் வெள்ளி ஆகும். வெளிநாட்டவருக்குத் தனி விலை, பெயர் மாற்றக் கட்டணம் தனி, மாதச் சந்தா தனி. 2040க்கு அப்பால் உறுதி கொடுக்கப்பட்ட திடல் எதுவும் இல்லை. நிரந்தரவாசியாக இங்கேயே இருக்கப்போகிறவர், வாரம் தவறாமல் ஆடுகிறவர், பிள்ளைகளையும் நீச்சல் குளத்துக்கு அழைத்துப் போகிறவர் என்றால் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இரண்டு வருட ஒப்பந்தத்தில் வந்தவருக்கு வேண்டாம். சில கிளப்களில் தவணை உறுப்பினர் முறை உண்டு, ஆண்டுக் கட்டணம் கட்டி ஆடிவிட்டு விலகிவிடலாம். அதைக் கேளுங்கள்.

எதில் சேர்ந்தாலும் சேராவிட்டாலும் கோல்ஃபருக்கான காப்பீடு ஒன்று எடுத்து வைப்பது நல்லது, செலவு அதிகமில்லை. உங்கள் பந்து அடுத்தவர் தலையில் பட்டால் உதவும். ஒரே அடியில் குழியில் போட்டுவிட்டால் கிளப்பில் இருக்கும் அத்தனை பேருக்கும் குடிக்க வாங்கிக் கொடுக்கும் செலவையும் சில திட்டங்கள் ஏற்கின்றன. அதற்கு மதிப்பெண் அட்டையில் சாட்சிக் கையெழுத்தும் கிளப்பின் சான்றிதழும் கேட்பார்கள், கொண்டாட்டத்தில் வாங்க மறந்துவிடாதீர்கள்.